தமிழ் தெரியாத வாத்தியார்

"இந்த ஆளு நடுவுல மூச்சே விடமாட்டாரா?" என்று முன்பெஞ்சு லாரி டிரைவர், பக்கத்திலிருந்த தையல்காரம்மாவிடம் தமிழில் கேட்டார்.

இங்கிலீஷ் வாத்தியார் புன்னகை மாறாமல் நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. அதாவது, தெரியாதவர்போல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

சேர்ந்த அன்றே பயிற்சி மையத்தின் முதலாளி சொல்லிவிட்டார். "உங்களுக்குத் தமிழ் வரும்னு தெரிஞ்சா ஒருத்தரும் இங்கிலீஷ்ல வாயைத் திறக்கமாட்டாங்க. நீங்க வெளிமாநிலத்துக்காரர், அவ்வளவுதான். இந்த மாசத்துக்குள்ள ஒரு ஆள் நின்னுட்டாலும் நீங்களும் நின்னுக்கலாம்."

வாத்தியார் தலையாட்டினார். கிடங்கில் கணக்கெழுதி அலுத்துப்போய், நாற்பது வயதில், இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதுதான் இனி என் வழி என்று வேலையை உதறிவிட்டு வந்தவர் அவர். "ஒரு மாசம் பாப்பேன். அப்புறம் அந்தக் கிடங்குக்காரர் கால்ல நானே போய் விழுந்துடுவேன்," என்று மனைவி கெடு வைத்திருந்தாள்.

மறுநாள் வாத்தியார் நிறுத்தி நிதானமாகப் பேசினார்.

"நல்லாத் தூக்கம் வருது," என்றார் டிரைவர்.

"தாலாட்டேதான்," என்றார் தையல்காரம்மா.

அதற்கடுத்த நாள் ஒரு ஜோக் சொன்னார். வகுப்பே சிரித்தது. வாத்தியாருக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

"எதுக்குச் சிரிச்சோம்?" என்று பின்பெஞ்சிலிருந்து நர்ஸ் கேட்டாள்.

"அவரே சிரிச்சாரு. பாவமா இருந்துச்சு," என்றார் தையல்காரம்மா.

சரி, விளையாட்டே வேண்டாம் என்று ஒவ்வொருவரையும் எழுந்து நின்று உரக்கப் படிக்கச் சொன்னார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அன்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே டிரைவர் சொன்னார்: "எழுந்து நின்னா எனக்குக் கை காலெல்லாம் நடுங்குதும்மா. நாளைக்கும் படிக்கச் சொன்னாருன்னா அதோட நின்னுக்குவேன்."

பின்னால் வந்த வாத்தியார் காதில் அது விழுந்தது. மறுநாள் புத்தகத்தை மூடிவைத்தார். டிரைவரிடம் வழி கேட்டார். தையல்காரம்மாவிடம் சட்டைக்கு அளவு கொடுத்தார். நர்ஸிடம் தலைவலி என்றார். அது நிஜமாகவே வலித்தது. மூவரும் உட்கார்ந்தபடியே, தப்பும் தவறுமாக இங்கிலீஷில் பதில் சொன்னார்கள்.

"எப்படிப் போகுது?" என்று வகுப்பு கலைந்ததும் முதலாளி எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"கொஞ்சம் மெதுவுதான் சார். ஆனா தேறிடுவாங்க."

தேறாமல் போனது வீடுதான். எதைக் கேட்டாலும் கேட்காததுபோல் நிற்கும் பழக்கம் அங்கேயும் தொற்றிக்கொண்டது. காஸ் தீர்ந்துவிட்டது என்று மனைவி சொன்னால் இவர் இன்முகத்தோடு பார்த்துக்கொண்டு நிற்பார். மீதியை அவள் வகுப்பு நேரத்தில் போனில் சொல்வாள். இவர் மாடிப்படிக்கு ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு, குரலை அடக்கி மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவார்.

இதற்கிடையே வகுப்புக்கு அவர்மேல் இரக்கம் பிறந்து தொலைத்தது. பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் தவிக்கிறாரே என்று சொல்லி, வகுப்பு முடிந்ததும் அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள்.

"இது மூக்கு. சொல்லுங்க சார்," என்றார் தையல்காரம்மா.

பிறந்ததிலிருந்து பேசுகிற மொழியைப் பிழையாகப் பேசுவது லேசான வேலையில்லை. "மூகா," என்றார் வாத்தியார்.

"மூக்கு."

"மீகூ."

இப்படியே வாரம் ஓடியது. மாதக் கடைசியில் ஒரு நாள், இருபதாவது மூக்கிலோ என்னவோ, தையல்காரம்மா பெருமூச்சு விட்டு டிரைவர் பக்கம் திரும்பினார். "சுத்த மரமண்டை."

"யாரும்மா மரமண்டை?" என்றார் வாத்தியார், சுத்தமான தமிழில். "நாப்பது வருஷமா இந்த மூக்குலதான் மூச்சு விடறேன். எனக்கா மூக்கு தெரியாது?"

நுணலும் தன் வாயால் கெடும். வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வரும்போலிருந்தது. இந்த வேலை தனக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

"எனக்குத் தமிழ் தெரியும். நீங்க பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். முதலாளிகிட்ட சொல்லிடுங்க. நான் கிடங்குக்கே போயிடறேன்."

ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

"தெரியும் சார்," என்றார் டிரைவர். "மாடிப்படியில நீங்க வீட்டம்மாகிட்ட வாங்கற திட்டும் கெஞ்சறதும் கீழ்க்கடை வரைக்கும் கேக்குது. எப்ப ஒத்துக்குவீங்கன்னு பாக்கத்தான் மூக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தோம்."

"தெரிஞ்சுமா என் எதிர்லயே அப்படியெல்லாம் பேசினீங்க?"

பின்பெஞ்சில் நர்ஸ் பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். "இங்கிலீஷ்ல குறை சொல்ற அளவுக்கு எங்களுக்கு வராதே சார், இதுக்கு முன்னாடி இதே மாதிரி தமிழ் தெரியாதுன்னு வந்த வாத்தியாருங்களையும் காதுல விழற மாதிரி பேசிப் பேசித்தான் தேத்தினோம். நீங்க கொஞ்சம் மெதுவுதான், ஆனா தேறிடுவீங்க."