சம்பந்தி வீட்டுக்கு நான் ஊறவச்ச டீ

அன்னிக்கு வீட்ல எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். வர்றவங்களுக்கு டீ.

வர்றவங்க யாரு? என் தங்கச்சி நசீமாவைப் பொண்ணு பாக்க கும்பகோணத்துலேருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. மாப்பிள்ளையைப் பெத்த அத்தா டீக்கடை முதலாளி. போட்டோ பாத்தே நசீமாவுக்குப் பையனை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. "அண்ணே, இந்த இடம் உன்னால தட்டிப் போச்சுன்னா உன்னைத் தலை முழுகிருவேன்"னு முன்னாடியே சொல்லிட்டா.

டீக்கடைக்காரருக்கே டீ! அசத்த வேணாமா? அவங்க வர நாள் குறிச்ச அன்னிக்கே ஆரம்பிச்சுட்டேன். போன்ல பாத்த காம்புச்சா. ஒண்ணுமில்லைங்க, சர்க்கரை போட்ட பாலில்லாத டீயில உறை ஊத்தி, ஜாடி வாயில துணி கட்டிப் புளிக்க வைக்கணும்.

"நிழல்ல ஒரு வாரம்"னு சொன்னான் வீடியோக்காரன். நம்ம பாபநாசத்து மூளை விடுமா? ஒரு ராத்திரி ஊறுன பழைய சோறே அப்படி இருக்கே, ஒரு மாசம் ஊறுனா டீ எப்படி இருக்கும்! மாடித் தகரக் கொட்டகையில, நல்ல வெக்கையில வச்சுட்டேன்.

என் பொண்டாட்டி மும்தாஜ் எட்டிப் பாத்தா. "என்னங்க, மேல ஜவ்வு மாதிரி மிதக்குது. ருசி பாத்தீங்களா?"

"விருந்தாளிக்கு வச்சதுல நாம முதல்ல வாய் வைக்கலாமாடி?"

வந்தாங்க. ஐஸ் போட்டு நீட்டினேன். டீக்கடைக்கார மாமா ஒரு வாய் குடிச்சாரு. ஒரு கண்ணு தானா மூடிக்கிச்சு.

"தம்பி, இது என்ன?"

"டீ மாமா. தூள் அதேதான், பக்குவம்தான் வேற."

"தூள் மேல எனக்குக் கோவம் இல்ல தம்பி."

கதவுக்குப் பின்னாடி நசீமா கண்ணைத் துடைச்சுக்கிட்டு நின்னா.

மும்தாஜ் ஜாடியைப் புடுங்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

பிரியாணி வந்துச்சு, தொட்டுக்க ஊறவச்ச வெங்காயமும். மாமா தலையைக் குனிஞ்சுக்கிட்டே சாப்பிட்டாரு. அப்புறம், "இன்னும் கொஞ்சம் வெங்காயம் வைம்மா"ன்னாரு. மறுபடியும் வைக்கச் சொன்னாரு.

"வினிகர் எந்தக் கடைம்மா? கடைச்சரக்கு தொண்டையைக் கிழிக்கும். இது டீ வாசனையோட எதமா இருக்கே!"

மும்தாஜ் என்னைப் பாத்தா. "இவர் உங்களுக்குக் குடிக்கக் கொடுத்தாரே மாமா, அதான்."

அடுத்த நிமிஷம் மாமா சிரிச்ச சிரிப்புல அவருக்குப் புரையேறிடுச்சு.

"நசீமா எங்க வீட்டுப் பொண்ணு, அதுல மாத்தமில்ல. ஆனா கல்யாணப் பந்திக்கு வெங்காயம் தம்பியோட டீயிலதான் ஊறணும்!"

ஊரே திரண்டு வர்ற கல்யாணம். இப்ப அண்டா அண்டாவா டீயைக் கெட வச்சுட்டு உக்காந்திருக்கேன்.

புத்தி வந்து, வினிகர் ஆயிடுச்சான்னு இந்தத் தடவை ருசி பாத்தேன். யா அல்லாஹ், டீ நல்லா இருக்கு!