மேட்டு வயல் ஒரே காலையில் பூத்த விவரம்

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலியும் பெரியம்மாவின் கோபமும் ஒருசேரத் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம். விதைப்பிலிருந்து அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதில்லை. அதனால் வீடு அமைதியாகவும் இருக்கிறது.

"இந்தத் தடவை விளைஞ்சா வயல், இல்லேன்னா லாரி ஷெட்" என்று நீங்கள் தொலைபேசியில் தீர்ப்புச் சொன்னீர்கள் அல்லவா, அதிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. மேட்டு வயல் உங்கள் பெயரில் இருக்கலாம், ஆனால் அப்பா கடிகாரக் கடையைச் சாத்திவிட்டுத் தினமும் போய் நிற்கிற இடம் அது ஒன்றுதான். வாய்க்கால் தண்ணீர் ஏறாத அந்த மேட்டில் தண்ணீர் நிற்காமலேயே நெல் விளைவிக்கலாம் என்று விவசாய அலுவலர் சொன்னார். நாற்று வேண்டாம், நடவு வேண்டாம், சேறு வேண்டாம், புழுதியில் விதைத்து அவ்வப்போது ஈரம் காட்டினால் போதும், ஏரோபிக் நெல் என்று பெயர் என்றார். "ஆனா ரெண்டு விஷயம் முக்கியம். எப்ப விதைக்கிறீங்க, எந்த ரகம் விதைக்கிறீங்க" என்று அவர் சொல்லி வாயை மூடுவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது.

அப்பா கடிகாரம் பழுதுபார்க்கிறவர், எதுவும் முந்தி நடக்க வேண்டும். சித்தப்பா பேருந்து ஓட்டுகிறவர், கடைசிப் பயணி ஏறும்வரை காத்திருப்பவர். "மண்ணு சூடாயிடுச்சு, இப்பவே போடணும்" என்றார் அப்பா. "அவசரப்பட்டா வெயில்ல போய்ப் பூக்கும்ணே, ஒரு மாசம் பொறு" என்றார் சித்தப்பா. கடைசியில் நடுவே கயிறு கட்டி ஆளுக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். எந்த ரகம் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே குழப்பம் என்பதால், விதைக் கடைக்காரர் கொடுத்த குறுகிய கால ரகத்தையும் அம்மா கேட்ட பழைய நீண்ட கால ரகத்தையும் இருவருமே தம் பங்கில் சரிபாதியாக விதைத்தார்கள். ஆராய்ச்சி நிலையத்தில் படித்தவர்கள் திட்டம் போட்டுச் செய்வதை நம் வீட்டில் வீம்புக்காகவே செய்து முடித்துவிட்டோம்.

அதன் பிறகு நடந்ததை எல்லாம் எழுதினால் தபால் தலை இன்னொன்று ஒட்ட வேண்டியிருக்கும். பயிருக்கு முன்னால் களை வந்தது, பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று, "என்னங்க, இந்த வருஷம் புல்லு பயிரா?" என்று விசாரித்தார், அப்பா ஒரு வாரம் அந்தப் பக்கமே பார்க்காமல் களை பறித்தார், நானும் பறித்தேன், என் விரல்களில் இப்போது புத்தகத் தாள் ஒட்டுவதில்லை. அம்மாவோ வாழ்நாள் முழுதும் தண்ணீரில் நிற்கிற நெல்லையே பார்த்தவர், காய்ந்த மண்ணில் அதைப் பார்க்கச் சகிக்காமல், அப்பா முடிவெட்டிக்கொள்ளப் போன நேரமாகப் பார்த்து மோட்டாரைப் போட்டுவிட்டார். அப்பா பாதித் தலையோடு ஓடிவந்து மண்வெட்டியால் வரப்பை வெட்டிவிட, வயல் முழுக்க நின்ற தண்ணீர் பக்கத்து வயல்காரரின் கத்தரியில் போய் இறங்கியது. "தாகமா நின்னுச்சு, ஊத்தினேன். இதுக்குப் போய்க் குதிக்கிறீங்க" என்றார் அம்மா. ஷெட்டுக்கு இடம் கேட்டிருக்கும் லாரிக்காரரும் வாரம் ஒருமுறை அளவு நாடாவோடு வந்து, "நான் சும்மாதாம்மா, பாத்துட்டுப் போறேன்" என்று பயிருக்குள்ளேயே நடந்து அளந்துகொண்டிருந்தார்.

பெரியப்பா, உண்மையை மறைக்க மாட்டேன். அப்பாவின் பங்கில் குறுகிய கால ரகம் கடும் வெயிலில் பூத்தது. கதிர் நிமிர்ந்தே நின்றது. பிடித்துப் பார்த்தால் முக்கால்வாசியும் பதர். அப்பா அதை உள்ளங்கையில் வைத்து ஊதினார், எல்லாம் பறந்தது. அதே ரகம், அதே பையிலிருந்து எடுத்த விதை, கயிற்றுக்கு அந்தப் பக்கம் சித்தப்பா பங்கில் வெயில் தணிந்த பிறகு பூத்து, மணி பிடித்துத் தலை சாய்ந்திருக்கிறது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. அந்தப் பழைய ரகம் இருக்கிறதே, அது அப்பா பங்கில் என் மார்பளவு வளர்ந்தும் பூக்காமல் நின்றது. சித்தப்பா பங்கில் இடுப்பளவுதான். போன வாரம் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போய்ப் பார்த்தால் கயிற்றுக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகப் பூத்திருந்தது. உயரத்தில் ஒரு மாத வித்தியாசம், பூவில் ஒரு நாள்கூட இல்லை. பகல் குறுகுவதை உணர்ந்து பூக்கிற நெல் உண்டு என்று படித்திருக்கிறேன். படித்தபோது தலையாட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். அன்றைக்கு உமி திறந்து வெள்ளை வெள்ளையாய்த் தொங்கிய அந்தத் துணுக்குகளுக்கு முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். இரண்டு பெரிய மனிதர்கள் பேச்சை நிறுத்துகிற அளவுக்குச் சண்டை போட்ட தேதியை அது காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மாலை சுருங்குவதை மட்டும் இருட்டில் நின்று கவனித்திருக்கிறது. பக்கத்திலேயே நின்ற மற்ற ரகமோ விதைத்த நாளை ஒருபோதும் மறக்கவில்லை. இரண்டையும் இத்தனை நாளும் நெல் என்ற ஒரே சொல்லால்தான் கூப்பிட்டு வந்திருக்கிறோம்.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்வது: நாலில் ஒரு பங்கு போனதற்காக வயலை லாரிக்குக் கொடுக்காதீர்கள். இன்னும் ஒரு போகம் பொறுங்கள். எந்த ரகத்தை எப்போது விதைப்பது என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இனி இந்தக் குடும்பத்தில் விதைக்கும் நாளைப் பற்றிச் சண்டையே வராது என்று நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். இப்படி எழுதியது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. உங்கள் இருவர் ஆசியும் வேண்டும்.

இப்படிக்கு,
தம்பி மகள்

பின்குறிப்பு: உறையைத் தேடிக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் லாரிக்காரரோடு நீங்களே வந்து இறங்கிவிட்டீர்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குள் போய்க் கதிர் கதிராக நசுக்கிப் பார்த்தீர்கள். "எந்த மடையன்டா இதை இவ்வளவு முந்தி விதைச்சது?" என்றீர்கள். சித்தப்பா அப்பாவைக் காட்டினார். "நீ ரொம்பப் பிந்திட்டே" என்று சித்தப்பாவையும் விடவில்லை. "ரெண்டுக்கும் நடுவுல போட்டிருக்கணும். அடுத்த போகம் நானே வந்து நின்னு விதைக்கிறேன்" என்று நீங்கள் சொன்னபோது, "அப்ப என் லாரி?" என்றார் லாரிக்காரர். "அது இரும்புய்யா, எங்க வேணா நிக்கும்" என்றீர்கள்.

எனவே மேலே கேட்டுக்கொண்டதை அடித்துவிட்டுப் படிக்கவும். சண்டை வராது என்று எழுதிக் கொடுத்ததையும் சேர்த்து அடித்துவிடவும். இத்தனை மாதம் பேசாதிருந்த அப்பாவும் சித்தப்பாவும் உங்களுக்கு எதிராக ஒன்றுசேர்ந்து கத்துவது இங்கேவரை கேட்கிறது. மூன்று பேரையும் சாப்பிடக் கூப்பிடு என்கிறார் அம்மா. கயிற்றுக்கு எந்தப் பக்கம் நின்று கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை.