மே மாதத்தில் வந்த துரை

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்வீட்டாரைச் சோம்பேறிகள் என்று சொன்ன மாப்பிள்ளை, எனக்குத் தெரிந்து ராமநாதபுரம் மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான். (வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஆறுதலாக இருக்கும்.)

அப்போது பொருளாதார வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் தறுவாயில் இருந்தேன். வெள்ளைக்கார அதிகாரிகளின் அறிக்கைகளைக் கரைத்துக் குடித்து, பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை போட்டிருந்தேன். அந்தச் சித்திரையில் அய்யாவும் நானும் பரமக்குடியிலிருந்து கடலாடிப் பக்கம் ஒரு மிளகாய் விவசாயி வீட்டுக்குப் போனோம். அவர் மகள் செல்வி, கிராம நிர்வாக அலுவலர்.

பெண்ணின் அப்பா மரியாதைக்குத்தான் கேட்டார். “தம்பி என்ன ஆராய்ச்சி பண்றீக?”

இருபது நிமிடம் பேசினேன். இந்தச் சீமையின் வறுமைக்கு மழை மட்டும் காரணமில்லை, மக்களின் சோம்பலும்தான். பாதி வருஷம் மரத்தடியில் படுத்துக் கிடந்தவர்களுக்கு வெள்ளைக்காரன்தான் உழைப்பைக் கற்றுக்கொடுத்தான். எல்லாவற்றுக்கும் ஆதாரம் இருக்கிறது, ஒரு துரை இங்கேயே நேரில் வந்து பார்த்து எழுதிய அறிக்கை!

அவர் காலையிலிருந்து மிளகாய் அள்ளிச் சிவந்திருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். அய்யா என் தொடையைக் கிள்ளினார். (அறிஞர்கள் கிள்ளலுக்கு அஞ்சுவதில்லை.)

“அந்தத் தொரை எந்த மாசம் வந்தாரு?” என்றாள் செல்வி.

பையிலிருந்து நகலை எடுத்தேன். (ஆமாம், பெண் பார்க்க அறிக்கை நகலோடு போயிருந்தேன்.) மே மாதம். அடுத்த அறிக்கையும் மே.

“அறுப்பு முடிஞ்ச மாசம். மே மாசத்து மத்தியான வெயில்ல வயல்ல யாரு நிப்பா? அவரு எங்கன இருந்து எழுதுனாராம்?”

சத்தமாகவே படித்துத் தொலைத்தேன்: “முகாம், புளியமர நிழல்.”

வீடே சிரித்தது. செல்வி மட்டும் சிரிக்கவில்லை.

“எந்த வயல்ல என்ன பயிருன்னு ரெக்கார்டு எழுதுறவ நான். வயலப் பாக்காம நெழல்ல உக்காந்து எழுதுனாலும் அது ரெக்கார்டாத்தான் நிக்கும். வரியக் கறாரா வாங்கிட்டு, சனம் ஏன் பஞ்சத்துல சாகுதுன்னு மேல கேட்டா, சோம்பேறின்னு எழுதிட்டாத் தொரைக்கு வசதி. அவரு பொழப்புக்கு எழுதுனாரு. நீங்க எதுக்கு அதுக்கு அட்டவணை போடுறீக?”

நாலு வருஷத்தில் எந்தப் பேராசிரியரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. அவமானத்தையும் மீறி, இவள் எவ்வளவு தெளிவாக யோசிக்கிறாள் என்றுதான் தோன்றியது.

திரும்பும் பேருந்தில் அய்யா கேட்டார். “ஏலே, சம்பந்தம் போனாப் போகுது. அந்தப் புள்ள கேட்டதுக்குப் பதில் இருக்கா?”

“இல்லய்யா.”

“அப்பப் போய்ப் படி.”

படித்தேன். வரியைக் குறைக்கவும் கண்மாயைச் செப்பனிடவும் கேட்டு விவசாயிகள் எழுதிய மனுக்கள், அதே ஆவணக் காப்பகத்தில், நான் தொடாத அலமாரியில் இருந்தன. ஆய்வேட்டைத் திருப்பி எழுத ஒரு வருஷமானது. முடித்ததும் செல்விக்குப் போன் செய்து, நீங்கள் கேட்டதுதான் சரி என்றேன். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மற்றதையும் கேட்டேன்.

“ஜமாபந்தி வருது, வருசக் கணக்கு வேலை தலைக்கு மேல கெடக்கு. முடிச்சுட்டுச் சொல்றேன்.”

சொன்னாள்.

இன்றும் எந்த விசேஷ வீட்டிலும் மாமனார் என் தோளில் கைபோட்டு அறிமுகப்படுத்துவது இப்படித்தான்: “நம்மளச் சோம்பேறின்னு நிரூபிக்க வந்து, ஒரு வருசம் கூடுதலா ஒழைச்சாரே, அந்த மாப்ள!”