காது மெஷின் விஷயமாக மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் மகளும் நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் என் போனில் நீங்கள் போட்டுக்கொடுத்த கடை ஆப்பின் மேல்தான்.

"அது எதைக் கேட்டாலும் அனுமதின்னு அழுத்திருங்க மாமா, இல்லைன்னா ஒவ்வொரு தடவையும் வேலை இழுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அப்படியே செய்தேன். போனில் இருக்கும் நம்பர்களையெல்லாம் கேட்டது, கொடுத்தேன். நான் இருக்கும் இடத்தைக் கேட்டது, அதையும் கொடுத்தேன். பொய் சொல்லக்கூடாது, சௌகரியமாகத்தான் இருந்தது, முகவரிகூடத் தட்ட வேண்டாம், பெட்டி வாசலுக்கு வந்துவிடும். அந்தத் தைரியத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு காது மெஷினுக்கு ஆர்டர் போட்டேன். ஆமாம், கொஞ்ச காலமாகவே எனக்குக் காது மந்தம். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு இது எவ்வளவு சங்கடம் என்று யோசியுங்கள். வந்தவர் பலகையைப் பார்த்து எழுத்தைப் படிப்பார், நான் வாயசைவை வைத்துக் குத்துமதிப்பாக லென்ஸ் போடுவேன். ஒரு பஸ் டிரைவர் கண்ணாடியை இரண்டு முறை திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். வெளியே தெரிந்தால் கடைக்கு யார் வருவார்கள்?

பெட்டி வருவதற்குள் செய்தி போய்விட்டது. 'உங்கள் நண்பர் காது கேட்கும் கருவி வாங்கியிருக்கிறார், நீங்களும் வாங்கலாமே' என்று என் போனில் உள்ள அத்தனை பேருக்கும் அனுப்பியிருக்கிறது. மறுநாள் கடைக்கு வந்தவர்கள் எழுத்தைப் படிக்கவில்லை, முழங்கினார்கள். தெருவில் போனவர்கள் அடிதடி என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள். டிரைவர் மூன்றாம் முறையாக வந்து, "அதானே பார்த்தேன்" என்று மட்டும் சொல்லிக் கண்ணாடியை மேசையில் வைத்தார்.

அத்தைக்கும் செய்தி போயிருந்தது. அன்று வீட்டுக்குப் போனதும் எதிரே வந்து உட்கார்ந்து, வாய் நன்றாகத் தெரியும்படி நிதானமாகக் கேட்டாள்.

"நான் கூப்பிட்டும் திரும்பாம இருந்தது, காது கேக்காமதானா? என்னை மதிக்கலைன்னு நெனச்சு நான் உங்ககிட்ட பேசுறதையே குறைச்சுக்கிட்டேன்."

அவள் பேச்சைக் குறைத்தது எனக்குத் தெரியவே தெரியாது மாப்பிள்ளை. காதுதான் இன்னும் மோசமாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். மெஷின் வந்ததும் அவளே காதில் மாட்டிவிட்டாள்.

நல்லதுதானே என்பீர்கள். ஆனால் இதை அவளிடம் நான் சொல்லியிருக்க வேண்டும், ஏதோ ஒரு கடை யார் சொல்வதற்கு? என் காது, என் பெண்டாட்டி. எனவே அடுத்த முறை வந்ததும் முதல் வேலையாக அந்த ஆப்பை வேரோடு எடுத்துவிடுங்கள். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நோய்நொடி இல்லாமல், மனதில் உள்ளதை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நெடுநாள் வாழ ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்.

பி.கு.: ஆப்பை எடுக்க வேண்டாம். இதைத் தபாலில் போடுவதற்குள் மெஷினில் பேட்டரி தீர்ந்துவிட்டது. வீட்டில் பேசுவதைக் கேட்க ஆப்புக்கு அனுமதி கொடுத்தால், வாயால் சொன்னாலே பேட்டரி வந்துவிடுமாம், அத்தை அழுத்திவிட்டாள். சொன்னபடியே வந்தும்விட்டது. ஆனால் நேற்று அவள் என்னைக் கொஞ்சம் திட்டினாள், இன்று காலை 'ஒருவர் படுக்கும் கட்டில்கள், ஜோடியாக எடுத்தால் சலுகை' என்று செய்தி வந்திருக்கிறது. உங்களுக்கும் வந்திருந்தால் மகளிடம் காட்ட வேண்டாம்.