அத்தை ஏறியதும் வந்த சத்தம்

வெள்ளோட்டம் பார்க்க மாமியார் பின் இருக்கையில் ஏறி அமர்ந்து, முந்தானையைச் சரிசெய்து, கதவையும் சாத்திக்கொண்டார். வண்டி பத்தடி நகர்வதற்குள் அந்தச் சத்தம் எழுந்தது. தகரத்தின் மேல் ரம்பத்தை வைத்து யாரோ பொறுமையாக அறுப்பது போன்ற சத்தம்.

"என்ன மாப்பிள்ளை அது?"

"ஒண்ணுமில்ல அத்தை. புது டயர். பழகற வரைக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்."

டயர் பழகுவதாவது! பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்த்த பிள்ளையா அது? சொன்ன சர்வேயருக்கே தம்முடைய பதில் பிடிக்கவில்லை. நிலத்தை அளந்து கல் நடுவது அவர் தொழில். பொய் சொல்லும்போதும் அளவாகவே சொல்வார்; அன்று அளவு தவறிவிட்டது.

வண்டி அவருடையதன்று, காலமான மாமனாருடையது. பல ஆண்டுகள் உறையிட்டு நின்ற அந்தப் பழைய காரைப் புதுப்பிக்கும் உரிமையை மூத்த மருமகனான சர்வேயருக்கு அளித்தபோதே மாமியார் இரண்டு நிபந்தனைகளை விதித்திருந்தார்.

"கழட்டின எதுவும் இந்த வண்டியை விட்டு வெளியே போகக் கூடாது. அவர் கை பட்டது. இது ஒண்ணு. ரெண்டாவது, அவர் ஒருநாள்கூட இந்த வண்டியில ஒரு சத்தம் வர விட்டதில்ல. பழைய கார் ஊர்வலத்துல நான் பின்னாடி உக்காந்து வருவேன். சத்தமில்லாம போய் சத்தமில்லாம திரும்பிட்டா வண்டி உங்களுக்கு. இல்லேன்னா சின்ன மாப்பிள்ளைக்கு."

முதல் நிபந்தனையைச் சர்வேயர் மெக்கானிக்கிடம் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்திருந்தார். மெக்கானிக்கும் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். புது இன்ஜின், புது ஸ்டியரிங், புது இருக்கைகள், புது ஹாரன் எல்லாவற்றையும் பொருத்தி முடித்து, "கழட்டினதெல்லாம் டிக்கியில பத்திரமா இருக்கு சார்" என்று சாவியைக் கையில் வைத்துவிட்டு, அடுத்த வாரமே வெளியூருக்குக் குடிபெயர்ந்துவிட்டார். டிக்கிச் சாவி அன்றே மாமியாரின் சாவிக்கொத்துக்குப் போயிற்று. அங்கே போனது எதுவும் கேட்காமல் வெளியே வராது. கேட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

அலாய் சக்கரங்கள் மட்டும் சர்வேயரின் சொந்த ஆசை. அகலமானவை, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பானவை. இப்போது உரசுபவையும் அவைதாம்.

அவர் முறையாக ஆராய்ந்தார். தனியாக ஓட்டினார், சத்தமில்லை. மனைவியைப் பின்னால் அமர்த்தி ஓட்டினார், மெல்லிய முணுமுணுப்பு. மாமியார் அமர்ந்தால் ரம்பம். பின்சக்கரத்தின் விளிம்பு மட்கார்டில் உரசிய இடத்தில் பெயிண்ட் போய், தகரம் பல்லிளித்தது.

"உங்கம்மா ஏறினாத்தான் சத்தம் வருது" என்றார் மனைவியிடம், சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு.

"அதை அவங்ககிட்டயே சொல்லுங்களேன்."

"நீ அவங்க பெத்த பொண்ணு. நீ சொன்னா எடுத்துப்பாங்க."

"நான் இந்த வீட்டுல இன்னும் கொஞ்ச நாள் இருக்கணுங்க."

ஆகவே சொல்ல முடியாததைச் சொல்வதைவிட, வெட்ட முடியாததை வெட்டுவது எளிது என்ற முடிவுக்குச் சர்வேயர் வந்தார்.

லேத்துப் பட்டறைக்காரர் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, பின்பக்கம் குந்தி உட்கார்ந்தார்.

"வெட்டலாம் சார். பட்டையில நடுவுல ஒரு வளையத்தை வெட்டி எடுத்துட்டு, ரெண்டு பக்கத்தையும் சேத்து வெல்டு வெச்சா சக்கரம் ஒடுங்கிடும். ஆனா வண்டி எதுக்கு இப்படிப் பின்னால பதுங்கி நிக்குது?"

"புலி பதுங்கறது பாயறதுக்குன்னு கேள்விப்பட்டதில்லையா? அது ஒரு ஸ்டைல்."

"புலின்னா சரி" என்று லேத்துக்காரர் எழுந்தார். "எனக்கென்னமோ மாடு படுக்கப்போற மாதிரி இருந்துச்சு."

பின்சக்கரங்கள் இரண்டும் ஒடுங்கின. வேலை சுத்தமாகவே இருந்தது. வெல்டு வைத்த இடத்தில் விரலை ஓட்டினால் தழும்பே தட்டவில்லை. வெட்டி எடுத்த வளையங்களை லேத்துக்காரர் ஒரு சாக்கில் போட்டு வைத்தார். நிபந்தனை நிபந்தனைதானே? கழற்றியது வெளியே போகக் கூடாதென்றால், வெட்டியதும் போகக் கூடாது.

ஆனால் ஒடுங்கிய சக்கரத்தில் முந்தைய அகல டயர் உட்கார மறுத்தது. தம்பியின் சட்டைக்குள் அண்ணன் தொப்பையைத் திணித்தது போல இருபுறமும் பிதுங்கிற்று. பிதுங்கியதும் முன்னைவிடப் பலமாக உரசிற்று. ஆகவே ஒடுக்கமான டயர்கள் வாங்கப்பட்டன. அகலம் குறைந்த டயருக்கு உயரமும் குறைவு. உரசல் நின்றது உண்மைதான். ஆனால் வண்டியின் பின்பாகம் இன்னும் கீழே இறங்கி, முகம் வானத்தைப் பார்த்தது. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தால் சாலை தெரியவில்லை, மேகம் தெரிந்தது. ஆகவே முன்சக்கரங்களும் பட்டறைக்குப் போயின.

நான்கும் ஒடுங்கித் திரும்பிய நாளில், இளைய மருமகனான பல் டாக்டர் வந்திருந்தார். அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். யாருடைய வாயையும் அப்படித்தான் பார்ப்பார்.

"என்ன சகலை, யானைக்குச் சைக்கிள் சக்கரம் மாட்டியிருக்கீங்க?"

"உரசாம இருக்கத்தான்."

"முன்னாடி உரசுச்சா? ஏன்? வண்டி ஆள் பாரம் தாங்கலையோ?"

வராந்தாவில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாமியார் பக்கத்தைத் திருப்பவில்லை. வெகுநேரம் அதே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டொரு நாள் கழித்து மனைவி கேட்டாள்: "ஏங்க, அம்மாகிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

"நான் எதுவும் சொல்லலையே. ஏன்?"

"ராத்திரி சாப்பாட்டையே விட்டுட்டாங்க. ஒரு ஆப்பிளை நாலா நறுக்கி, அதுலயும் ரெண்டு துண்டை மூடி வெச்சிடறாங்க. கேட்டா பசியில்லையாம்."

சர்வேயர் அன்று தட்டைப் பாதியிலேயே தள்ளிவைத்தார். பத்து நிலத்தகராறுகளை ஒரே நாளில் தீர்த்து வைத்தவர். சொந்த வீட்டில் ஓர் ஆப்பிள் துண்டை அவரால் தீர்த்து வைக்க முடியவில்லை. வண்டியே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தார். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். எந்த வழியில் போனாலும் அந்த ஒரே வாக்கியத்தின் வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருந்தது.

ஊர்வலம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை காலை மாமியார் வெளியே வந்தார். சாம்பல் நிறப் பட்டுப்புடவை, மாமனாரின் கைக்கடிகாரம், இடுப்பில் சொருகிய சாவிக்கொத்து. ரவிக்கைத் தோள் சற்றே தொளதொளத்திருப்பதைச் சர்வேயர் கண்டு, பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். வாசலில் மனைவி நின்றாள். கேட்டருகே பல் டாக்டர் நின்றார். தன் கைவேலை ஊர்வலம் போவதைக் காணச் சாக்கோடு லேத்துக்காரரும் வந்திருந்தார்.

மாமியார் கதவைப் பிடித்து, கண்ணாடிப் பாத்திரத்தின் மேல் உட்காருபவரைப் போல, மெல்ல மெல்ல இருக்கையில் இறங்கினார். இறங்கிய பின்னும் முழுதாக உட்காரவில்லை. முன் இருக்கையைப் பற்றியபடி, பாதிப் பாரத்தைத் தம் கைகளிலேயே தாங்கிக்கொண்டார்.

"நல்லா சாஞ்சு உக்காருங்க அத்தை."

"இது போதும். நீங்க எடுங்க."

வண்டி நகர்ந்தது. ரம்பம் இல்லை. முணுமுணுப்பும் இல்லை. கண்ணாடியில் மாமியாரின் முகத்தைப் பார்த்தார் சர்வேயர். அந்த உதடுகளில் ஒரு சிரிப்பு தலைகாட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கேட்டை நெருங்கினார்கள். கேட்டின் குறுக்கே, மழைநீர் உள்ளே வராமலிருக்க மாமனார் கட்டிய சிமெண்ட் மேடு ஒன்று இருந்தது. முன்சக்கரங்கள் ஏறி இறங்கின.

'டங்' என்றது.

சைலன்சர் மேட்டில் சிக்கி, பிய்ந்து, தரையில் புரண்டது. தடையற்ற இன்ஜின் கர்ஜித்த கர்ஜனையில் எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தெரு நாய் ஒன்று குரைக்க வாயைத் திறந்து, தன்னால் ஈடுகொடுக்க முடியாதென்று மூடிக்கொண்டது.

"அணைச்சிடுங்க மாப்பிள்ளை."

அணைத்தார். மாமியார் இறங்கி, தரையில் கிடந்த குழாயைப் பார்த்தார். பிறகு எல்லோரையும் பார்த்தார்.

"நான் ஒண்ணு சொல்றேன், யாரும் குறுக்க பேசாதீங்க. தப்பு வண்டி மேல இல்ல. பெரிய மாப்பிள்ளை மேலயும் இல்ல. நான் ஏறினாத்தான் சத்தம் வருதுன்னு எனக்கு முதல் நாளே தெரியும். என் முகத்துக்காக நாலு சக்கரத்தையும் வெட்டினார். ஒரு வார்த்தை சொல்லல. நானும் ராத்திரி சாப்பாட்டை விட்டுப் பாத்தேன். இதுக்கு மேல என்ன பண்றது? இந்த வயசுல உடம்பு சொன்ன பேச்சு கேக்காது."

"அம்மா..." என்றாள் மகள்.

"குறுக்க பேசாதேன்னேன்ல? ஆனா சொன்ன சொல் சொன்னதுதான். சத்தம் வந்துடுச்சு. வண்டி சின்ன மாப்பிள்ளைக்கு."

பல் டாக்டர் அடக்கமாகத் தலைகுனிந்தார். அத்தனை பற்களும் தெரிய அடக்கமாக இருப்பது அவரால் மட்டுமே இயலும். சர்வேயர் வண்டிச் சாவியைக் கழற்றி அவரிடம் நீட்டினார். தோற்றதைவிட, அந்தத் தொளதொளத்த தோள்தான் அவர் நெஞ்சை அறுத்தது.

"ஊர்வலத்துக்கு நான் நடந்தே போறேன்" என்று கிளம்பிய மாமியாரின் கண், லேத்துக்காரரின் சாக்கில் விழுந்தது. "அது என்ன?"

"சக்கரத்துல வெட்டின வளையம்மா. வண்டியை விட்டு எதுவும் போகக் கூடாதுன்னு சார் சொன்னாரு."

"சரியாத்தான் சொல்லியிருக்கார். டிக்கியிலதான் இருக்கணும்." இடுப்பிலிருந்த கொத்தில் ஒரு சாவியைத் தேடிப் பிரித்து நீட்டினார். "வெச்சுட்டுப் பூட்டிக் குடுங்க."

லேத்துக்காரர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியின் பின்னால் போனார். பூட்டு முனகித் திறந்தது, மூடி எழும்பிற்று. பிறகு மூடிக்கு அப்பாலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"அம்மா, இதை எங்கே வைக்கிறது? இங்கதான் பழைய இன்ஜின் முழுசா படுத்திருக்கே!"