ஸ்க்ரூடிரைவர் அண்ணன் குத்திய கதவு

சிங்கப்பூரில் ஜாலான் புசாரிலிருந்து தேக்கா வரை ஸ்க்ரூடிரைவர் அண்ணன் குத்திப் பார்க்காத மரக்கதவு ஒன்றுகூட இல்லை. மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் எந்தப் பழைய கடைவீட்டுக் கதவையும் குனிந்து பார்க்கலாம்.

மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைக்கும் இடத்தில், மரவேலை செய்யும் அவர் மெல்லிய ஸ்க்ரூடிரைவர் ஒன்றை வைத்திருப்பார். மரம் இற்றுப்போயிருந்தால் அதன் முனை உள்ளே இறங்கும். நல்ல மரமென்றால் நின்றுவிடும். உலகத்திடம் அவருக்கு வேறு கேள்வி இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு துக்க வீட்டில் இறந்தவரின் மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா நல்ல மனுஷன். வாசக்கதவு கீழ்ப்பலகை போச்சு தம்பி, காரியம் முடிஞ்சதும் கூப்பிடு" என்றார். பதினேழாம் நாள் கூப்பிட்டார்கள்.

எங்கள் கடைவீட்டில் கீழே ஈஸ்வரி அக்காவின் தையல் கடை, மேலே என் மொழிபெயர்ப்பு அலுவலகம். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை காலை, கட்டட உரிமையாளரின் ஆள் பிரபு வந்தார். தையல் கடை வாசற்கதவின் கீழ்மூலை உள்ளங்கை அகலத்துக்கு இற்றுப்போயிருந்தது.

"அக்கா, ஃப்ரைடே வந்து பாப்பேன். இப்படியே இருந்தா டோர், ஃபிரேம் எல்லாம் சேஞ்ச்தான். ஒன் வீக் கடைய குளோஸ் பண்ணணும்."

அக்காவின் அலமாரியில் தைக்க வேண்டிய ரவிக்கைத் துணிகள் நாற்பத்தாறு. எண்ணியது நான்.

அன்று மதியமே அண்ணனை அழைத்துவந்தேன். மண்டியிட்டு ஏழு இடத்தில் குத்தினார்.

"ஒரு பல்லு சொத்தைன்னா தலையையா மாத்துவாங்க? சரி, தண்ணி எங்கேருந்து வருது?"

"மழைதான் அண்ணே" என்றார் அக்கா.

"நடைபாதைக்கு மேல கூரை இருக்கே. மழை குனிஞ்சு வந்துச்சா?"

அக்கா மூலையிலிருந்த வாளியைப் பார்த்தார். தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீரை வாசலில் வீசிக் கழுவித்தான் அவர் கோலம் போடுவார். பதினோரு வருடமாகக் கதவும் அதில் பங்கு குடித்திருக்கிறது.

"வேலை முடியிற வரைக்கும் ஒரு சொட்டு தண்ணி கூடாது."

"வெள்ளிக்கிழம கூடவா? வாசல் கழுவாம எப்படி லா? லட்சுமி வருவாளா?"

"வரட்டும். கதவு இருந்தாத்தான தட்டுவா?"

இற்ற பகுதியை நல்ல மரம் தெரியும்வரை சுரண்டினார். தூளை முகர்ந்து முகம் சுளித்தார். பிறகு அக்காவின் டேபிள் ஃபேனைக் குழிக்கு நேராகத் திருப்பிவைத்துவிட்டு, இரண்டு நாள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அக்காவுக்கு வியர்த்தது. என்ன நடக்கிறது என்று கேட்டவர்களிடமெல்லாம் "காயுது" என்றார். என் நாட்குறிப்பில் புதன்கிழமைக்கு அந்த ஒரு சொல்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை, மரத்தை இறுக்கும் திரவத்தைத் தடவி, இரண்டு டப்பாவிலிருந்து எடுத்த பசைகளை ஒன்றாகக் குழைத்துக் குழியில் அடைத்து, இறுகியதும் தேய்த்தார். பிறகு கதவையே கழற்றிப் படுக்கவைத்து, யார் கண்ணிலும் படாத அடிவிளிம்புக்கு மூன்று முறை பெயின்ட் அடித்தார். அதை மறுபடி மாட்டுவதற்குள் சாயங்காலமாகிவிட்டது. முன்பக்க ஒட்டு சாம்பல் நிறத்திலேயே நின்றது.

"அண்ணே, வர்றவன் முன்னாடிதான பாப்பான்!" என்று பதறினார் அக்கா.

"தண்ணி கீழதான பாக்கும்."

வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்துக்கு நான் போனபோது அக்கா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "சத்தியமா நான் தண்ணி ஊத்தல" என்றார். ஸ்டூலில் அண்ணன் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். அவரே வாசலைத் துடைத்திருந்தார், கதவிலிருந்து ஒரு சாண் தள்ளி.

பிரபு பத்து மணிக்கு வந்தார். "என்ன அங்கிள், பஞ்சர் ஒட்டுன டியூப் மாதிரி இருக்கு?"

அண்ணன் ஸ்க்ரூடிரைவரை நீட்டினார். "குத்துங்க."

பிரபு குத்தினார். இறங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி குத்தினார். இறங்கவில்லை. அக்கா மூச்சு விட்டார்.

"இன்னொரு எடம் இருக்கு" என்று ஸ்க்ரூடிரைவரைத் திரும்ப வாங்கிய அண்ணன், மேல் கீலுக்குப் பக்கத்தில் தானே குத்திக் காட்டினார். அரை அங்குலம் இறங்கியது. "நேத்து கழட்டும்போதுதான் பாத்தேன்."

அக்கா கத்திரிக்கோலைத் தேடினார்.

"சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே அங்கிள்."

"கதவுக்குத் தெரியுமே."

பிரபு அந்தத் துளையை விரலால் தடவினார். "சரி, அத தீபாவளி முடிஞ்சு பண்ணுங்க. கதவு இருக்கட்டும். அப்புறம்... எங்க அம்மா வீட்டு பின்கதவையும் ஒரு தடவ குத்திப் பாக்குறீங்களா?"

நாற்பத்தாறு ரவிக்கைகளும் தீபாவளிக்கு முதல் நாள் முடிந்தன. அக்கா இப்போதும் வாசலை ஈரத்துணியால்தான் துடைக்கிறார்.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணன் புக்கிட் மேராவில் மகள் வீட்டோடு இருக்கிறார். இந்தப் பக்கம் வருவதில்லை. போன வாரம் கதவுக்குப் பெயின்ட் அடித்தோம். அண்ணன் முதன்முதலில் வந்து குத்திய துளைகளில் ஒன்றை மட்டும் அடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதில் தண்ணீர் இறங்கும், அவருக்குத் தெரிந்தால் திட்டுவதற்காகவே டாக்சி பிடித்து வந்துவிடுவார்.

நேற்று அவருக்குப் போன் செய்து தெரிவித்துவிட்டேன்.