எல்லை தாண்டிய சொட்டு

முதல் சொட்டு மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பில் விழுந்தது. அடுத்தது அடிக்குறிப்பில் விழுந்து, ஓர் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பைக் கரைத்துக்கொண்டு தாளின் ஓரத்துக்கு ஓடியது.

"மேல் வீட்டு பாத்ரூம் ஒழுகுது," என்றாள் மனைவி. "ஒரு எட்டு போய்ச் சொல்லிட்டு வாங்க."

அவர் நகரவில்லை. கூரையில் படர்ந்திருந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தக் குடியிருப்பில் அவருக்கு 'வருங்காலம்' என்று பெயர். டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறார் என்று மரியாதையாக 'வருங்கால டாக்டர்' என்றுதான் ஆரம்பித்தார்கள். வருஷங்கள் ஓட ஓட, டாக்டர் உதிர்ந்து வருங்காலம் மட்டும் நின்றுவிட்டது. ஆராய்ச்சியின் தலைப்பு, 'எல்லை தாண்டும் பாதிப்பும் அண்டை நாட்டின் கடமையும்: ஐரோப்பிய, பன்னாட்டுச் சட்டங்களில் இன்றைய சிக்கல்கள்.' அதாவது, ஒரு நாட்டின் புகையோ கழிவுநீரோ பக்கத்து நாட்டுக்குள் புகுந்தால் யார் யாரிடம் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்பது.

போன வாரம்தான் அவருடைய கைடு அந்த அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தார்.

"எல்லாத்தையும் படிச்சிருக்கீங்க. ஆனா உப்புச் சப்பில்லாம இருக்கு. ஒரு சண்டையையாவது கிட்ட இருந்து பாத்திருக்கீங்களா? வர்ற கருத்தரங்குல இதுக்கு உயிர் வரலைன்னா, உங்க பதிவை நீட்டிக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கையெழுத்து இல்லையென்றால் நீட்டிப்பு இல்லை. நீட்டிப்பு இல்லையென்றால் பட்டம் இல்லை. இத்தனை வருஷமும் வேலைக்குப் போய்க் குடும்பத்தை ஓட்டிய மனைவியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார். இப்போது கும்பிடப் போன தெய்வம் கூரையிலிருந்தே சொட்டியது.

மேல் வீட்டில் இருந்தவர் ஒரு நீச்சல் டீச்சர். ஊர்ப் பிள்ளைகளில் பாதிப்பேரைக் குளத்தில் தள்ளிவிட்டுக் கரையேற்றியவர். வீட்டிலும் கழுத்தில் விசில் தொங்கும்.

"டீச்சர், உங்க வீட்டுத் தண்ணி எங்க வீட்டுக்குள்ள வருது."

"அடடா. குழாய்தான் விட்டிருக்கும். நாளைக்கே பிளம்பரை வரச் சொல்றேன் தம்பி."

வருங்காலத்துக்கு முகம் தொங்கிவிட்டது. "அவசரப்படாதீங்க டீச்சர். நீங்க முதல்ல மறுக்கணும்."

"எதை?"

"தண்ணி உங்களுதுங்கிறதை. நான் அறிவிப்புக் குடுப்பேன், நீங்க மறுப்பீங்க. அப்புறம் பேச்சுவார்த்தை, கூட்டு ஆய்வு, நடுவர் தீர்ப்பு. நாடுகளெல்லாம் அப்படித்தான் செய்யுது."

"குழாயை மாத்தறது?"

"அது கடைசியில."

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். படித்த பிள்ளை, ஏதோ கேட்கிறது, செய்துவிட்டுப் போவோம் என்று தலையாட்டினார். பிளம்பரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் டீச்சர் வீட்டுக் கதவின் அடியில் அறிவிப்பு நுழைந்தது. நல்ல சட்டமொழி. 'பாதிப்பை விளைவித்த தரப்பின் தொடர்ந்த அலட்சியம்' என்று ஒரு வரி.

விசில் சத்தம் கேட்டு வருங்காலம் வாசலுக்கு வந்தார். டீச்சர் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"பிளம்பரை வேணாம்னு தடுத்தது யாரு?"

"நான்தான்."

"அலட்சியம் யாருக்கு?"

"அது சட்டத்துல ஒரு சொல், டீச்சர். மனசுல வெச்சுக்காதீங்க."

"வெச்சுக்கிட்டேன். தண்ணி என்னுது இல்ல. மழைத்தண்ணி."

"மழையே பெய்யலையே."

"முடிஞ்சா நிரூபிங்க." கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

வருங்காலம் துள்ளிக் குதிக்காத குறை. அசல் மறுப்பு, கலப்படமே இல்லை. ஓடிப்போய் எழுதினார். அவர் எழுதிய வேகத்துக்குச் சொட்டும் வேகம் பிடித்து, மேஜைக்கு ஒரு வாளி, வாளிக்குப் பக்கத்தில் இன்னொரு வாளி என்று அறை நிறைந்துகொண்டு வந்தது.

"ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா முடியற விஷயம்," என்றாள் மனைவி.

"மன்னிப்புக் கேட்டா பொறுப்பை ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"நாமதானே நனையறோம்?"

அவர் புத்தகங்களைப் புரட்டினார். நிரூபிக்கும் வழியை யோசித்தார். கடைசியில் துணிக்குப் போடும் சொட்டு நீலம் ஒரு பாட்டிலை வாங்கிவந்து, 'கூட்டு ஆய்வு' என்று சொல்லி டீச்சர் வீட்டு பாத்ரூமில் முழுசாகக் கவிழ்த்தார். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

நிரூபணம் சீக்கிரமே இறங்கியது. ஆனால் மேஜையில் இறங்கவில்லை. நாற்காலி முதுகில் மாட்டியிருந்த மனைவியின் வெள்ளைக் கோட்டில் இறங்கியது. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள்.

"இதைப் போட்டுக்கிட்டுப் போய் ஊசியை எடுத்தா எவன் கையை நீட்டுவான்?" என்று கேட்டாள். கோட்டை பாத்ரூமுக்கு எடுத்துப் போய் ஊற வைத்தாள், அலசினாள், மறுபடி ஊற வைத்தாள். வாளி வாளியாக நீலத் தண்ணீரைக் கொட்டினாள். அன்று முழுக்க வீட்டில் கேட்டது அந்தச் சத்தம் ஒன்றுதான்.

டீச்சரோ நீலத்தை ஒத்துக்கொண்டார். ஆனால், 'அலட்சியம்' என்ற சொல்லை எடுத்தால்தான் பிளம்பர் வருவான் என்று சொல்லிவிட்டார். எடுத்தால் அத்தியாயமே சரிந்துவிடும் என்று வருங்காலம் எடுக்க மறுத்தார். கருத்தரங்கு நெருங்கிக்கொண்டிருந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று முதல்முறையாக அவருக்குத் தோன்றியது. நிஜமாகவே அழுகை வந்தது.

நடுவர் ஒருவர் வேண்டும். எந்தப் பக்கமும் சாயாதவர் வேண்டும். அப்போதுதான் கீழ்வீட்டுக் கண்ணாடிக்கடைக்காரர் நினைவுக்கு வந்தார்.

கண்ணாடிக்கடைக்காரர் எறும்பைக்கூட நகர்ந்துகொள்ளச் சொல்ல வாய் வராத மனுஷர். இதற்கு முன் சிலமுறை, "சார், ஒரு சின்ன விஷயம்," என்று மேலே வந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் வருங்காலம் அவரை உட்காரவைத்துப் பன்னாட்டுச் சட்டத்தை விளக்கியிருக்கிறார். மனுஷர் கேட்டு முடித்து, "ரொம்ப நல்லா இருந்துச்சு சார்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார். இப்படிப்பட்ட பொறுமைசாலி நடுவராகக் கிடைப்பது அபூர்வம்.

"நானா சார்?" என்றார் அவர். பிறகு சற்று யோசித்து, "சந்தோஷமா வரேன்," என்றார்.

மாடிப்படித் திருப்பத்தில் மூன்று ஸ்டூல் போட்டு விசாரணை நடந்தது. நடுவரின் வழுக்கைத் தலையில் ஒரு நீலப் பொட்டு இருந்தது. லென்ஸில் குறி வைக்கிற மை என்று வருங்காலம் நினைத்துக்கொண்டார்.

"சார், ஒரு சந்தேகம்," என்றார் நடுவர். "மேல இருக்கறவங்க வேணும்னு செய்யல. அவங்களுக்கே தெரியாது. அப்பவும் பொறுப்புதானா?"

"அப்பவும் பொறுப்புதான். தெரியாதுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது."

"சரி செய்யற வரைக்கும் கீழ இருக்கறவங்க என்ன சார் பண்ணுவாங்க?"

அருமையான கேள்வி. வருங்காலத்துக்கு உற்சாகம் பீறிட்டது. "எழுதிக்குங்க. பாதிப்பு முழுசா நீங்கற வரைக்கும், எந்த இடம் கெட்டுப்போச்சோ அதுக்குச் சமமான இடத்தைப் பாதிச்சவங்க தங்க வீட்டுல ஒதுக்கித் தரணும். என் மேஜை போச்சு. டீச்சர் வீட்டுல எனக்கு மேஜை வேணும்."

"ஈரம் காயற வரைக்குமா?"

"சுவர் காஞ்சு, பூசி, சுண்ணாம்பு அடிக்கற வரைக்கும்."

"இது எல்லா மாடிக்கும் பொருந்துமா சார்?"

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

நடுவர் அதையும் எழுதிக்கொண்டார். 'அலட்சியம்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'கவனக்குறைவு, இரு தரப்பிலும்' என்று திருத்தினார். டீச்சருக்கு மனசு ஆறிவிட்டது. மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மறுநாளே பிளம்பர் வந்தான். வருங்காலம் மூட்டை கட்டிக்கொண்டு டீச்சர் வீட்டு ஜன்னலோர மேஜைக்குக் குடிபோனார். அங்கேதான் அவர் விதி மாறியது. கைபேசியை எடுத்தால் விசில். கொட்டாவி விட்டால் விசில். "கை கால் அசையணும் தம்பி, அப்பத்தான் மிதக்க முடியும்," என்பார் டீச்சர். பல வருஷமாக நகராத அத்தியாயம் கடகடவென்று நீந்திக் கரையேறியது. டீச்சர் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்தபடியே கடைசி வரியை எழுதினார்.

கருத்தரங்கில் மேல்வீடு, கீழ்வீடு என்று அவர் சொல்லச் சொல்ல அரங்கம் சிரித்தது. முன்வரிசையில் வெளுத்துப்போன நீலக் கறையுள்ள கோட்டோடு மனைவி உட்கார்ந்திருந்தாள். வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள். அவளும் சிரித்தாள். அதைப் பார்த்ததும் அவர் ஒரே வாக்கியத்தை இரண்டு முறை படித்தார்.

"இப்ப உயிர் இருக்கு," என்றார் கைடு. "முக்கியமா அந்தச் சம இடம் ஒதுக்கற யோசனை. யாருக்கும் தோணாதது." மேடையிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் இருவரும் வாளிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்தார்கள். கூரை காய்ந்திருந்தது. மனைவி பழைய கணக்கையெல்லாம் மறந்து, "டாக்டர் சார், காபி வேணுமா?" என்று கேட்டாள். அந்த வார்த்தைக்காகவே இன்னொரு அத்தியாயம் எழுதலாம் போலிருந்தது அவருக்கு.

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் கண்ணாடிக்கடைக்காரர். கக்கத்தில் தலையணை. அவர் பின்னால் அவர் மனைவி, கையில் பாய். அதற்குப் பின்னால் மாமியார், மச்சான், இரண்டு பெண் பிள்ளைகள், படியில் வரிசையாகப் போர்வைகளோடு. எல்லாரும் கூச்சமாகச் சிரித்தார்கள்.

"வாங்க, வாங்க," என்றார் வருங்காலம். "என்ன, குடும்பத்தோட வெளியூரா?"

"இல்ல சார், இங்கதான்," என்று கண்ணாடிக்கடைக்காரர் தீர்ப்பின் நகலை மரியாதையாக நீட்டினார். "அன்னைக்கு அம்மா கோட்டு அலசின நீலத் தண்ணி எங்க கட்டில் மேலதான் இறங்குச்சு. உங்களுக்கு மேல ஒரு நாடு இருக்கற மாதிரி, கீழயும் ஒண்ணு இருக்கே சார்."